பிள்ளையின் ஓயாத வயிற்றுப் பிரச்சினை: முன்பள்ளி வாசலில் அம்மாமார் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அம்மாமார் “ரீச்சர், ஒரு விசயம்” என்று குரலைத் தாழ்த்தினால், பாதி நாள் அது வயிற்றுக் கதையாகத்தான் இருக்கும். என் மகன் மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை இதே பாடு பட்டான் என்பது ஊருக்குத் தெரியும், அதனால் என்னிடம் கேட்கிறார்கள். நான் டொக்டர் இல்லை. அந்த இரண்டு வருடத்தில் பிள்ளை வைத்தியர்களிடம் கேட்டறிந்ததையும், பிறகு தேடிப் படித்ததையும், கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே எழுதி வைக்கிறேன். மருந்து அளவு எதுவும் எழுதவில்லை. அது பிள்ளையின் நிறையைப் பார்த்து டொக்டர் சொல்ல வேண்டியது.

“அடிக்கடி வயித்துக்குத்து எண்டு சொல்லுறான். கொஞ்ச நேரத்தில விளையாடப் போயிடுறான். எப்ப பயப்பட வேணும்?”

எங்கே நோகிறது என்று கேட்டால் தொப்புளைத் தொட்டுக் காட்டி, அரை மணித்தியாலத்தில் மறந்து ஓடுகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் பாரதூரமாக ஒன்றும் இருப்பதில்லை. நோவு தொப்புளை விட்டுத் தள்ளத் தள்ளத்தான் டொக்டர்மாரின் கவனம் கூடும். வலது பக்கம் அடிவயிற்றில் நிலைத்து நின்று, நடக்கவே குனிந்து நடந்தால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை இவை. பச்சை நிறத்தில் சத்தி. மலத்தில் இரத்தம். வயிறு கல்லுப் போல இறுகுவது. கைக்குழந்தை விட்டுவிட்டுக் காலை மடக்கி வீரிட்டு அழுது இடையில் துவண்டு போவது. பொடியனுக்கு அடிவயிற்றோடு விதையும் நோவது. இதில் வெட்கம் பார்த்து ஒளிப்பார்கள், ஆனால் ஆறு மணித்தியாலத்துக்குள் பார்க்காவிட்டால் விதையையே இழக்க நேரலாம். காய்ச்சல் விடும் நேரத்தில் கடும் வயிற்று நோவும் ஓயாத சத்தியும் வந்தால் டெங்குவின் அபாய அறிகுறி என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

அவசரம் இல்லாவிட்டாலும் விடக்கூடாதவை: நிறை குறைவது அல்லது ஏறாமல் நிற்பது, நோவு பிள்ளையை நித்திரையிலிருந்து எழுப்புவது, திரும்பத் திரும்ப வாய்ப்புண், மூட்டு நோவு, காரணம் தெரியாத காய்ச்சல், கண் மஞ்சளாவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கிழமைக்குள் காட்டுங்கள். கீழே நான் “அபாய அறிகுறி” என்று சொல்லுமிடமெல்லாம் இந்தப் பதிலைத்தான் சொல்கிறேன்.

“நாளுக்கு எத்தினை தரம் வெளிக்குப் போனா சரி?”

எண்ணிக்கையை விட உருவம் முக்கியம். வாழைப்பழம் போல வழுவழுப்பாக, முக்காமல் போனால் ஒரு நாளைக்கு இரண்டு தரமும் சரி, இரண்டு நாளைக்கு ஒருதரமும் சரி. ஆட்டுப்புழுக்கை போல உருண்டை உருண்டையாகவோ, பிள்ளையின் கைமொத்தத்தில் பெரிய கட்டியாகவோ போனால், ஒவ்வொரு நாளும் போனாலும் அது மலச்சிக்கல்தான். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தையின் கணக்கு வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

“என்ர பிள்ளைக்கு மலச்சிக்கல் இல்லை ரீச்சர், வயித்தாலதான் போகுது. ஜட்டி முழுக்க அழுக்கு.”

என் வீட்டுக் கதையே இதுதான். மகனுக்கு நாளுக்கு நாலைந்து தரம் ஜட்டியில் தண்ணியாகக் கசியும். கேட்டால் “எனக்குத் தெரியாது” என்பான். அடித்தும் இருக்கிறேன், இப்போது நினைத்தால் மனம் சுடும். டவுனில் ஒரு பாமசியில் சொல்லி வயிற்றோட்டத்தை நிறுத்துகிற மருந்து வாங்கிக் கொடுத்தேன். அதோடு நிலைமை இன்னும் மோசமானது.

ஒருநாள் வீடு கூட்டிக்கொண்டு நிற்கையில் பார்த்தேன். அறைக் கதவுக்குப் பின்னால், அலுமாரிக் காலைப் பிடித்தபடி, பெருவிரலில் எம்பி, இரண்டு தொடையையும் ஒட்ட இறுக்கிக்கொண்டு நிற்கிறான். முகம் சிவந்து கழுத்து நரம்பு தெரிகிறது. வெளிக்குப் போக முக்குகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையில் அவன் வராமல் அடக்கிக்கொண்டு நின்றான். எப்போதோ ஒருதரம் கட்டியாகப் போய் நொந்திருக்கிறது. அந்தப் பயத்தில் அடக்குகிறான். அடக்க அடக்கப் பெருங்குடல் அதன் நீரை உறிஞ்சுகிறது. இறுகியது இன்னும் நோகிறது. கடைசியில் குடல் விரிந்து, வருகிற உணர்வே மரத்துப் போகும். அடைத்து நிற்கிற கட்டியைச் சுற்றித் தண்ணியான மலம் கசியும். நாங்கள் அதை வயிற்றோட்டம் என்கிறோம்.

குழந்தை வைத்தியர் வயிற்றை அமத்திப் பார்த்த உடனேயே இடப்பக்கக் கட்டியை என் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டினார். ஸ்கான் எதுவும் தேவைப்படவில்லை. உங்கள் பிள்ளைக்கும் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நாலு வயது தாண்டிய பிள்ளை “தெரியாமல்” ஜட்டியை அழுக்காக்கினால், டொக்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

“மலம் இளக்குற மருந்தை மாதக்கணக்கில குடுக்கச் சொல்லுறாங்கள். பழகிப் போயிடாதே?”

எல்லோரும் தவறுகிற இடம் இது. முதலில் அடைத்ததை வெளியேற்ற வேண்டும், அதற்குச் சில நாள் கூடிய அளவு மருந்து. பிறகு விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்கி, பிள்ளை நோவை மறக்கும்வரை தொடர வேண்டும். ஆகக் குறைந்தது இரண்டு மாதம், பலருக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ. லக்ருலோஸ் பாணி போன்றவை குடலில் தண்ணியைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குகின்றன, அவ்வளவுதான். பழக்கமாவதில்லை. “இப்ப நல்லாப் போகுது” என்று மூன்றாம் கிழமையில் நிறுத்தியவர்கள்தான் திரும்ப என்னிடம் வருகிறார்கள். நானும் ஒருதரம் நிறுத்தினேன். பழைய இடத்துக்கே வந்து நின்றோம்.

மருந்தோடு பழக்கமும் வேண்டும். சாப்பிட்ட பிறகு குடல் தானாக அசையும், அதனால் காலைச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் பிறகு ஐந்து பத்து நிமிடம் இருக்க விடுங்கள். கொமட் என்றால் காலுக்குக் கீழே சின்னப் பலகை வையுங்கள், முழங்கால் இடுப்பை விட உயர இருக்க வேண்டும். குந்தி இருக்கிற கக்கூஸ் இந்த விசயத்தில் நல்லது, ஆனால் சின்னதுகள் குழிக்குப் பயப்படும். முதலில் பொட்டியில் (சின்னப் பிள்ளைகள் வெளிக்கு இருக்கிற பிளாஸ்டிக் சட்டி) இருத்தலாம். முக்கத் தெரியாத பிள்ளைக்குப் பூவரசம் இலையில் பீப்பீ சுருட்டிக் கொடுங்கள். ஊதும்போது வயிறு தானாக இறுகும். எங்கள் வீட்டில் மருந்துக்குச் சமமாக வேலை செய்தது அந்தப் பீப்பீதான்.

“வாழைப்பழம், பப்பாசி குடுத்தா சரி வராதே?”

சின்ன இறுக்கத்துக்குச் சரிவரும். மேலே சொன்ன அடைப்புக்கு வராது. கட்டி நிற்கும்போது நாரை மட்டும் ஏற்றினால் வயிறு இன்னும் ஊதும். அடைப்பு நீங்கிய பிறகு பப்பாசி, கொய்யா, முருங்கையிலை, வல்லாரைச் சம்பல், குரக்கன் புட்டு எல்லாம் நல்லது. கூடவே தண்ணீர். முன்பள்ளியிலிருந்து திரும்பும் போத்தலைத் தூக்கிப் பாருங்கள். கொண்டுபோன கனத்தோடே திரும்பி வந்தால் அதுவே ஒரு காரணம்.

பாடசாலைக் கக்கூஸையும் ஒருதரம் போய்ப் பாருங்கள். தண்ணி இல்லை, கொண்டி இல்லை என்றால் எந்தப் பிள்ளையும் அடக்கும். தரம் ஒன்றுக்குப் போன பிறகு வயிற்று நோவு தொடங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

“இரவில பல்லு நறுமுறான். பூச்சிதானே?”

பல் நறுமுவதற்கும் பூச்சிக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் நிறுவவில்லை. இரவில் குதவழி கடித்துச் சொறிந்தால் அது கீரிப்பூச்சி. வெள்ளை நூல் போல, இரவில் டோர்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். அதற்கு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து எடுத்து, இரண்டு கிழமையில் திரும்ப எடுக்க வேண்டும். அன்றைக்கே விரிப்பைத் துவைத்து, நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இல்லாவிட்டால் பிள்ளையின் நகத்திலிருந்து முட்டை திரும்ப வாய்க்கே போகும்.

கொக்கிப்புழு வேறு. செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்துப் போகும், இரத்தத்தைக் குடித்துப் பிள்ளையை வெளுக்க வைக்கும். தோட்டத்துக்கும் வயலுக்கும் வெறுங்காலோடு ஓடுகிற எங்கள் பிள்ளைகளுக்கு அது சாத்தியம்தான். குடும்பநல உத்தியோகத்தர் சொல்லும் தவணையில் பூச்சிக்குளிசை கொடுங்கள். ஆனால் மாதம் ஒருதரம் பூச்சி மருந்து கொடுத்தும் நோவு நிற்கவில்லையென்றால் பூச்சி இல்லை என்றுதான் அர்த்தம். வேறு காரணம் தேடுங்கள்.

“மாப்பால் ஒத்துக்கொள்ளேல்லைப் போல. ஆட்டுப்பாலுக்கு மாத்தவோ?”

இதில் மூன்று விசயம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. முதலாவது, அளவு. ஒரு வயது தாண்டிய பிள்ளை நாளுக்கு அரை லீற்றருக்கு மேல் பால் குடித்தால் சோறு இறங்காது, மலம் இறுகும், இரும்புச்சத்துக் குறையும். போத்தலோடு நித்திரை கொள்ளும் பிள்ளைகளுக்கு முக்கால்வாசிப் பிரச்சினை இதுதான். இரண்டாவது, பாலிலுள்ள லக்ரோஸ் என்ற சீனி செரிக்காமல் போவது. கடும் வயிற்றோட்டத்துக்குப் பிறகு சில கிழமை இப்படி வரலாம். மலம் நுரைத்து, புளித்து மணக்கும், குண்டி சிவக்கும். அது தானாக மாறும். அதுவரை தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

மூன்றாவது, பால்ப்புரதத்துக்கு ஒவ்வாமை. கைக்குழந்தைகளில்தான் கூடுதலாக வரும், மலத்தில் இரத்தக் கீற்றுத் தெரியலாம். இதற்கு ஆட்டுப்பால் மாற்று இல்லை. இரண்டு பாலின் புரதமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் உடம்பு அதற்கும் அதே சண்டையைத்தான் பிடிக்கும். டொக்டரைக் கேட்காமல் பாலை முழுதாக நிறுத்தாதீர்கள், தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

“கனடாவில இருக்கிற சித்தி, கோதுமை மாவை நிப்பாட்டச் சொல்லுறா. நிப்பாட்டினாப் பிறகு கொஞ்சம் சுகம்தான்.”

கோதுமையால் குடல் புண்ணாகும் சீலியாக் என்ற நோய் உண்மையில் இருக்கிறது. அதற்கு இரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. ஆனால் பிள்ளை கோதுமை சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதுதான் அந்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். முதலே நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரும். ஆகவே டொக்டரிடம் கேட்டு, பரிசோதித்து, பிறகு நிறுத்துங்கள். கொஞ்சம் சுகம் என்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம்: பாணும் பிஸ்கற்றும் ரோல்ஸும் நின்று புட்டும் சோறும் கறியும் போயிருக்கும். சித்தி நல்ல மனதோடுதான் சொல்கிறா. ஆனால் அங்கே அவ பார்த்த பிள்ளை வேறு, இங்கே இருக்கிற பிள்ளை வேறு.

“உண்மையான வயித்தோட்டம்தான். ரெண்டு கிழமையா நிக்கேல்லை.”

14 நாளுக்கு மேல் போனால் அதை வைத்தியர்கள் தொடர் வயிற்றோட்டம் என்று தனியாகப் பார்ப்பார்கள். மலப் பரிசோதனை தேவைப்படும். நாற்றத்தோடு எண்ணெய்ப் பிடிப்பாகப் போய், வயிறு ஊதி, ஏவறை வந்தால் ஜியார்டியா என்ற நுண்ணுயிராக இருக்கலாம். அதற்கு மருந்து இருக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டில் மிஞ்சிய அன்ரிபயோட்டிக் அந்த மருந்து அல்ல. ஓட்டத்தை நிறுத்துகிற குளிசை சின்னப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம்.

ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புச்சீனித் தூள்) பக்கற்றில் சொன்ன அளவு கொதித்தாறிய தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பாதிப் பக்கற்றைக் கண்ணளவில் போடக்கூடாது. கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள். சோடாவும் பக்கற் ஜூஸும் ஓட்டத்தைக் கூட்டும். சாப்பாட்டை நிறுத்தாமல் குழைத்த சோறும் பருப்பும் கொடுங்கள். சிங்க் குளிசை தந்தால் ஓட்டம் நின்ற பிறகும் சொன்ன நாள்வரை கொடுங்கள். கண் குழி விழுந்து, சலம் போவது குறைந்து, துவண்டால் காத்திருக்க வேண்டாம்.

“எல்லாத்துக்கும் எங்கட தண்ணிதான் காரணமோ?”

எங்கள் பக்கத்துக் கிணறு பலதும் சுண்ணாம்புத் தண்ணி, கேத்தலில் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவைப் பார்த்துப் பயந்து, கண்ணுக்குத் தெரியாத கிருமியை மறந்துவிடுகிறோம். வயிற்றைக் கெடுப்பது கிருமி. கக்கூஸ் குழி கிணற்றுக்குக் கிட்ட இருக்கிறதா, மாரியில் வெள்ளம் கிணற்றுக் கட்டைத் தாண்டியதா என்று பாருங்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கினது நினைவிருக்கும். அப்படியான வெள்ளம் வடிந்ததும் கிணற்றை இறைத்துக் குளோரின் போட வேண்டும். பிஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொன்னால் அளவு சொல்வார்.

வடிகட்டிய ஆர்ஓ தண்ணி வாங்குகிறவர்களும் கானைக் கழுவாமல், மூடாத வாளியில் ஊற்றி, கையோடு கப்பை விட்டு அள்ளினால் காசு வீண். கொதிக்க வைத்து, மூடி, குழாய் உள்ள பாத்திரத்தில் வையுங்கள்.

“மூண்டு மாசக் குழந்தை, ஆறு நாளாக் கக்கா போகேல்லை. ஆமணக்கெண்ணெய் குடுக்கச் சொல்லுறா மாமி.”

கொடுக்காதீர்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை ஒன்றரை மாதத்துக்குப் பிறகு ஒரு கிழமை போகாமல் இருப்பது இயல்பு, போகும்போது இளகலாகப் போனால் சரி. முக்கிச் சிவந்து அழுவதும் அந்த வயதில் பழகும் வேலைதான். வயிறு ஊதி, சத்தி எடுத்து, பால் குடிக்காமல் விட்டால் அது வேறு. பிறந்து 48 மணித்தியாலத்துக்குள் முதல் மலம் போகாத குழந்தை என்றால் அதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள், குடல் நரம்பில் பிறவிக் குறை இருக்கலாம். வசம்பை உரைத்துத் தேனில் கொடுப்பதையும் விடுங்கள். ஒரு வயதுக்குள் தேனே கூடாது.

மாமியிடம் “டொக்டர் வேண்டாம் எண்டவர்” என்று சொல்லிவிடுங்கள். நூல் கட்டுவது, கண்ணூறு கழிப்பது, திருநீறு பூசுவது எதையும் நான் மறிப்பதில்லை. வாய்க்குள் போகாத வரைக்கும், ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பிந்த வைக்காத வரைக்கும் அதில் ஒரு தீங்கும் இல்லை.

“எல்லா ரெஸ்டும் நோர்மல். அப்ப பிள்ளை நடிக்குதோ?”

இல்லை. நோவு உண்மை. குடலுக்கும் மூளைக்கும் இடையே நரம்புப் போக்குவரத்து இருக்கிறது. சில பிள்ளைகளின் குடல் நரம்பு கூடுதல் உணர்ச்சி உள்ளது, சாதாரணக் காற்றும் அசைவும் அவர்களுக்கு நோவாகத் தெரியும். இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இப்படித் திரும்பத் திரும்ப வயிற்று நோவு இருந்திருக்கிறது, அதில் பெரும்பாலானோருக்கு உறுப்பில் குறை எதுவும் இருக்கவில்லை. அபாய அறிகுறி இல்லாமல், பிள்ளை வளர்ந்துகொண்டும் இருந்தால், மேலும் மேலும் ரெஸ்ட் எடுப்பது பிள்ளையின் பயத்தைத்தான் கூட்டும்.

மனச்சுமை இதைக் கூட்டும். புலமைப்பரிசில் வகுப்பு, அப்பா கட்டாருக்குப் போனது, வீட்டில் குரல் உயர்வது, புதுப் பாடசாலை. எப்போது நோகிறது என்று குறித்துப் பாருங்கள். திங்கள் காலையில் வந்து சனிக்கிழமை வராத நோவுக்கு மருந்து கடையில் இல்லை. “நோகுதா, நோகுதா” என்று நாங்களே கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நோகிறது என்றால் நம்புங்கள், முதுகைத் தடவுங்கள், அப்புறம் பாடசாலைக்கு அனுப்புங்கள். வீட்டில் வைத்து ரீவி போட்டுக் கொடுத்தால் நோவு நீளும்.

“ஸ்கான் ரிப்போட்டில வயித்துக்குள்ள நெறி கட்டியிருக்கு எண்டு இருக்கு. புற்றுநோயோ?”

இந்த ஒரு வரி எத்தனை வீட்டில் நித்திரையைக் கெடுத்திருக்கிறது! குடலைச் சுற்றிச் சின்னச் சின்ன நிணநீர்க் கணுக்கள் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கின்றன. தடிமன் காய்ச்சல் வந்தாலே கழுத்தில் நெறி கட்டுவது போல அங்கேயும் பருக்கும். சுகமான பிள்ளைகளின் ஸ்கானிலும் இது தெரியும். அபாய அறிகுறி இல்லையென்றால் பெரும்பாலும் அது ஒன்றுமில்லை. ரிப்போட்டை நீங்களே கூகிளில் போட்டுப் பார்க்காமல், எழுதித் தந்த டொக்டரிடமே கேளுங்கள்.

“டொக்டர் எங்களோட கதைக்கிறதே ரெண்டு நிமிசம். அதுக்குள்ள என்னத்தைச் சொல்லுறது?”

ஒரு கொப்பி வாங்குங்கள், நாற்பது பக்கக் கொப்பி போதும். இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் நாலு விசயம்: என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு எங்கே நொந்தது, மலம் எந்த உருவம் (புழுக்கை, கட்டி, வாழைப்பழம், கூழ், தண்ணி), என்ன மருந்து கொடுத்தீர்கள். அடித்துத் திருத்தி அழகாக எழுதத் தேவையில்லை. என் கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க மஞ்சள் கறை. குழந்தை வைத்தியர் அதை ஒரு நிமிடம் புரட்டிவிட்டு, “கட்டியாப் போய் மூண்டு நாளைக்குப் பிறகுதானே அம்மா கசியுது” என்றார். ஐந்து மாதமாக ஒவ்வொரு இடத்திலும் வாயால் சொன்னேன், எனக்கே அந்த ஒழுங்கு தெரிந்திருக்கவில்லை.

கூடவே பிள்ளையின் கிளினிக் புத்தகம். அதிலுள்ள நிறைக் கோடுதான் டொக்டர் முதலில் பார்ப்பது. மலத்தைப் போனில் படம் எடுத்துக் காட்டவும் கூச்சப்படாதீர்கள்.

“எங்க முதல் போறது? நேரா யாழ்ப்பாணம் போனா நல்லமோ?”

அவசரம் இல்லையென்றால் கிட்ட உள்ள அரச ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவு. அங்கிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைக் குழந்தை வைத்திய கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். தேவையென்றால் அவர்கள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ, கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். எல்லாம் இலவசம். விடியப்புறம் பஸ் ஏறி ஆனையிறவு தாண்டி, கடிதம் இல்லாமல் போய் நின்று, ஒரு நாள் கூலியையும் இழந்து வந்தவர்களை எனக்குத் தெரியும்.

“ஒரு வருசமாக் காட்டுறம், மாற்றமில்லை. வேற டொக்டரிட்டக் கொண்டு போனா முதலாமவர் கோவிப்பாரோ?”

கோவிக்க மாட்டார், கோவித்தாலும் பரவாயில்லை. ஆனால் மாற்ற முதல் அவரிடமே மூன்று கேள்வி கேளுங்கள்: இது என்ன என்று நினைக்கிறீங்கள்? மருந்து வேலை செய்கிறது என்று எவ்வளவு நாளில் தெரியும்? தெரியாவிட்டால் அடுத்து என்ன? இதற்குப் பதில் கிடைத்தாலே பலருக்கு வேறிடம் போகத் தேவை வராது. நீங்கள் மருந்தைச் சொன்ன நாள்வரை கொடுத்தீர்களா என்பதையும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

போவதென்றால் பழைய துண்டுகள், ரிப்போட்டுகள் எல்லாவற்றையும் திகதி ஒழுங்கில் அடுக்கி ஒரு பொலித்தீன் பையில் போட்டு, கொப்பியையும் மேலே வைத்துக் கொண்டு போங்கள். முதலிலிருந்து எல்லா ரெஸ்டும் திரும்ப எடுக்கச் சொன்னால், அந்தப் பையைத் திறந்து “இது போன மாசம் எடுத்தது ஐயா” என்று நீட்டுங்கள். பிள்ளைக்கு ஒரு ஊசி குத்து மிச்சம்.